வேல்பாண்டியின் நாலு மணி நடுக்கம்

கெங்குவார்பட்டி வேல்பாண்டி குடிக்க மாட்டான். குடித்திருந்தால் அவனுக்கு இத்தனை கேவலம் வந்திருக்காது. குடிக்கிறவனை ஊர் இவன் இப்படித்தான் என்று விட்டுவிடும். குடிக்காமலே தள்ளாடுகிறவனை என்ன செய்வதென்று ஊருக்கே தெரியவில்லை.

வடுகபட்டிச் சந்தையிலிருந்து பூண்டு மூட்டை ஏற்றிப் போகிற சின்ன வேன் ஒன்று வைத்திருந்தான். உழைப்பில் குறை சொல்ல முடியாது. சோற்றில்தான் குறை. குழம்புக்கு ஒரு குவியல், ரசத்துக்கு ஒரு குவியல், மோருக்கு ஒரு குவியல், பாயசம் இருந்தால் அதையும் இலையிலேயே ஊற்றச் சொல்லி வழித்துக் குடிப்பான். ஏப்பம் விட்டு எழுந்திருக்கும்போது ராஜா மாதிரி இருப்பான். நாலு மணி வாக்கில் அந்த ராஜா நனைந்த சாக்கு மாதிரி ஆகிவிடுவார். கை நடுங்கும். வேர்வை கொட்டும். நாக்குக் குழறும். சும்மா போகிறவன் மேல் கோபம் வரும்.

பெண்டாட்டி அய்யம்மாளே நம்பவில்லை. வாயை ஊதச் சொல்லி மோந்து பார்த்தாள். ரச வாசம்தான் அடித்தது. "வாசமே இல்லாத சரக்கு கேரளாவுல வந்துருக்காம்ல மதினி," என்று டீக்கடை நல்லகண்ணு கொளுத்திப்போட, புருசன் குமுளிப் பக்கம் லோடு போய் வந்த நாளெல்லாம் வேன் சீட்டைத் தூக்கித் துழாவினாள். ஒரு ஸ்பானரும் காய்ந்த எலுமிச்சம்பழமும் கிடைத்தன.

கம்பத்தில் கட்டிக்கொடுத்த தங்கச்சி ஜோதிலட்சுமியின் புதுவீட்டுப் பால்காய்ச்சில்தான் மானம் கப்பலேறியது. மத்தியானம் வளைத்துக் கட்டிவிட்டு, நாலு மணிக்கு வேர்த்து விறுவிறுத்து வாசலுக்கு வந்தவன், அங்கே கட்டியிருந்த பசுமாட்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "போய்ட்டு வாரேன் அத்த," என்றான். அத்தை என்பது ஜோதியின் மாமியார் மாயக்காள். அவள் மாட்டுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அதனால் கேவலம் இரண்டு மடங்கு.

ஜோதியின் புருசன் சுருளிராஜன் அன்றைக்கே வெட்டிவிட்டான். "வார மாசம் பிள்ளைக்குக் காதுகுத்து. குடிகாரன் மடியில எம்பிள்ளைய வைக்க மாட்டேன். ஒன் சித்தப்பன் மகன் ஈஸ்வரபாண்டியும் மாமன்தான? அவன் மடியில ஒக்காரட்டும்."

ஜோதி அழுதாள். வேல்பாண்டி அழவில்லை, ஆனால் ராத்திரிச் சோறு இறங்கவில்லை. ஒரே தங்கச்சி. பல வருசம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற ஒரே பிள்ளை அனுஷ்கா. அதைத் தாய்மாமன் மடியில் வைக்காமல் வேறொருத்தன் மடியில் வைத்துக் காது குத்தினால், அப்புறம் இவன் எந்தச் சொந்தக்காரன் வீட்டு வாசலை மிதிப்பான்? போட்டோவில் அந்த ஈஸ்வரபாண்டி பல்லைக் காட்டிக்கொண்டு காலத்துக்கும் உட்கார்ந்திருப்பான்.

அய்யம்மாள் அவனைத் தேனிக்கு இழுத்துக்கொண்டு போனாள். பவானி டாக்டரம்மா சாப்பிடச் சொல்லி, காக்க வைத்து, நடுங்க ஆரம்பித்ததும் விரலில் குத்தி ரத்தம் பார்த்தார்.

"இவருக்குச் சாப்பிட்ட பெறகு சர்க்கரை ரொம்பக் கொறஞ்சு போகுதும்மா. மொத்தமாச் சோறும் இனிப்பும் போனா சர்ருனு ஏறி, அதே வேகத்துல எறங்குது. இனி கொஞ்சங் கொஞ்சமாச் சாப்பிடணும். சோறு கம்மி. பருப்பு, முட்டை, கடலைன்னு கூடச் சேர்த்துக்கணும். இடையில இடையில எதையாச்சும் கொறிக்கணும். நடுக்கம் வந்துட்டா ஒடனே இனிப்பா எதாச்சும் வாயில போட்டுட்டு, பெறகு ஒரு முட்டை, கடலைன்னு திங்கணும்."

"அப்ப குடிக்கலையா?" என்றாள் அய்யம்மாள்.

"குடிச்சா இன்னும் மோசமாகும். குடிக்கக் கூடாது."

"இத்தன நாளு குடிக்காமத்தான் இருந்தாரா?" அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. அவ்வளவு சண்டையும் வீண்.

ஊரில் சொன்னால் யார் கேட்கிறார்கள்? "சுகரு கொறையுதா? நல்லதுதானப்பா! எங்க மாமனாருக்குக் கொறையவே மாட்டேங்குது. மிச்சமிருந்தா இங்கன அனுப்பு," என்றான் நல்லகண்ணு. அன்றிலிருந்து டீயில் சீனி போட மறுத்துவிட்டான். போனில் கேட்ட மாயக்காள், "தின்னா சக்கர ஏறும்டி. எங்கயாச்சும் எறங்குமா? குடிச்சதுக்கு டாக்டர்ட்டப் போயி ஒரு பேரு வாங்கிட்டு வந்துருக்கான்," என்று முடித்துவிட்டாள்.

வேல்பாண்டி சட்டைப் பையில் அவித்த கடலையோடு அலைந்தான். அள்ளித் தின்றவன் கொறித்தான். நடுக்கம் நின்றது. மனசு மட்டும் சோற்றுப்பானைப் பக்கமே கிடந்தது.

காதுகுத்து, பொட்டிப்புரத்துக்கு அங்கிட்டு மலையடிவாரத்தில் இருக்கிற சுருளிராஜன் வீட்டுக் குலசாமி கோயிலில். ஜோதி காலைப் பிடித்துக் கெஞ்சியதில் சுருளிராஜன் ஒரு வழிக்கு வந்திருந்தான். "கை நடுங்காம இருந்தா ஒங்க அண்ணன் மடி. நடுங்குச்சுன்னா ஈஸ்வரபாண்டி மடி. அம்புட்டுத்தேன்."

காலையிலேயே குத்தியிருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. காது குத்துகிற ஆசாரி வரவில்லை. பைக் டயர் வெடித்துத் தேவாரத்தில் நிற்கிறாராம். "நான் போய்க் கூட்டியாறேன்," என்று ஈஸ்வரபாண்டி வேல்பாண்டியின் வேனையே எடுத்துக்கொண்டு போனான். அந்தக் கோயிலில் ஆம்பளைகள் சட்டை போடக் கூடாது. வேல்பாண்டியின் சட்டை வேனில். கடலை சட்டையில். வேன் தேவாரத்தில்.

உச்சிப்பொழுது தாண்டியும் ஆசாரி வந்தபாடில்லை. கெடா வெட்டிக் குழம்பும் கொதித்து இறங்கியாகிவிட்டது. "சோறு ஆறுது. தாய்மாமனுக்கு மொத எலையப் போடுங்க," என்றாள் மாயக்காள். அது முறை. மறுக்க முடியாது.

வேல்பாண்டி கறியைத் தின்றுவிட்டுச் சோற்றை ஓரம் கட்டினான்.

"ஏன் தம்பி, எங்க வீட்டுச் சோறு எறங்கலையோ? காலையிலயே வேற என்னத்தையும் எறக்கிட்டு வந்தீகளோ?"

"இல்ல அத்த, டாக்டரம்மா சொன்னாக…"

"டாக்டரம்மாவா வந்து பரிமாறுறாக? நான்ல பரிமாறுறேன்!" ஒரு கரண்டி சோறு. இன்னொரு கரண்டி. மேலே கேசரி. "தின்னுங்க. மிச்சம் வச்சா சம்பந்தம் வேண்டாம்னு அர்த்தம்."

தின்றான். பாவி, ஆசையாகவும் தின்றான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, பந்தியெல்லாம் முடிந்து, பெண்கள் பாதிப்பேர் தூங்கியும் எழுந்த பிறகு வேன் வந்தது. ஆசாரி இறங்கினார். பின்னாலேயே ஈஸ்வரபாண்டி, எதையோ மென்றுகொண்டு. "கடல நல்லாருந்துச்சுண்ணே. உப்புத்தேன் கம்மி."

வேல்பாண்டிக்கு நெற்றியில் முத்து முத்தாக வேர்த்துவிட்டது. மணையில் உட்கார்ந்தான். அனுஷ்காவை மடியில் வைத்தார்கள். பிள்ளை அழாமல் இருக்க ஒரு தேன்மிட்டாயைக் கையில் கொடுத்திருந்தார்கள். எதிரே தட்டில் பச்சரிசியும் வெல்லமும் இருந்தன. நடுங்குகிற கை மெதுவாக வெல்லத்தை நோக்கிப் போனது.

பட்டென்று மாயக்காள் கையில் அடித்தாள். "சுகருகாரனுக்கு வெல்லமா? இங்கன கெடந்து செத்துத் தொலைஞ்சா யாரு பதில் சொல்றது?" தட்டைத் தூக்கிக்கொண்டாள்.

"குடுங்க அத்த! அவருக்கு இப்ப அதுதேன் மருந்து!" என்று அய்யம்மாள் தட்டின் மறுபக்கத்தைப் பிடித்தாள். இரண்டு பேரும் இழுத்த இழுப்பில் அரிசி ஆசாரி தலையில் அட்சதையாக விழுந்தது. வெல்லம் மண்ணில் உருண்டது.

"கை நடுங்குது பாரு," என்றான் சுருளிராஜன். "ஏலே ஈஸ்வரபாண்டி, வந்து ஒக்காரு."

ஈஸ்வரபாண்டி வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்தான். வேல்பாண்டிக்குக் கண் இருட்டியது. கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். மூக்குக்கு நேரே, பிஞ்சு விரல்களுக்கு நடுவில், சிவப்பாக, பாகு வழிகிற தேன்மிட்டாய். பிள்ளை அதை நக்கிக்கூடப் பார்த்திருக்கவில்லை.

குனிந்தான். லபக்.

அனுஷ்கா வெறுங்கையைப் பார்த்தது. மாமன் வாயைப் பார்த்தது. அப்புறம் மலையே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஓர் அலறல். "முட்டாயீ…!" ஆசாரி தொழில் தெரிந்தவர். பிள்ளை எதற்கு அழுதால் என்ன? வலது காதில் ஒன்று, இடது காதில் ஒன்று, முடித்துவிட்டார். பிள்ளை காதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அதன் துக்கம் முழுக்க மிட்டாய்க்கே போய்விட்டது.

"பிள்ள கையில இருக்கறதப் பிடுங்கித் திங்கிறான். இவனா குடிக்கல?" என்று சுருளிராஜன் எகிறினான்.

மாயக்காள் தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். அவள் முகமே மாறியிருந்தது. "சும்மா இருலே. ஒங்கப்பன் சாகுற மட்டும் குடிச்சாரு. என்னைக்காச்சும் இனிப்பத் தொட்டாரா? மிச்சரு கேப்பாரு, ஊறுகா கேப்பாரு, சுட்ட கருவாடு கேப்பாரு. போதையில இருக்கவன் தேன்முட்டாய்க்கு நாக்கத் தொங்கப்போட்டு நான் பாத்ததில்ல. இவன் குடிக்கலடா."

டாக்டரம்மா ஊசி குத்திச் சொன்னது ஏறவில்லை. செத்துப்போன புருசனின் ஊறுகாய் ஏறிவிட்டது. கூடியிருந்த பெண்கள் எல்லாரும் தங்கள் புருசன்மாரை நினைத்துத் தலையாட்டினார்கள்.

"ஆத்தா, ஒரு முட்டைய அவிச்சு எடுத்தாங்கடி," என்று மாயக்காள் ஆளை விரட்டினாள். வேல்பாண்டியின் கை மெல்ல நிதானத்துக்கு வந்தது.

"அண்ணே, பிள்ளையக் குடு, கண்ணத் தொடைக்கணும்," என்று ஜோதி கை நீட்டினாள்.

பிள்ளை வரவில்லை. இரண்டு காதிலும் தங்கம் மின்ன, மாமன் மடியில் ஏறி நின்று, மீசையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறுகை விரலை அவன் வாய்க்குள் விட்டுத் தேடிக்கொண்டிருந்தது.