தலையைத் திருப்பிய பிரின்ஸ்

போன வாரம் மகளோடு சுபாங் ஜெயாவில் ஒரு நாய் பார்லருக்குப் போனேன். ஆமாம், நாய்க்கும் பார்லர் வந்துவிட்டது. கதவைத் திறந்ததும் ஈர ரோமமும் மருந்தும் கலந்த அந்த வாசனை. அவ்வளவுதான், நான் அங்கே இல்லை. வேலை தேடிய வயதில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன்.

'கிளினிக்குக்கு ஆள் தேவை' என்ற போர்டைப் பார்த்து, மனிதர்களுக்கான கிளினிக் என்று நினைத்து ஏறிய படி அது. உள்ளே ஏழெட்டு நாய்கள். எனக்கோ நாய் என்றால் உயிர் போகும். டாக்டரம்மா சிரித்துவிட்டு அன்றைக்கே வேலை கொடுத்தார். மதியங்களில் ஃபேன் சுற்றும், எங்கோ ரயில் போகும், மயக்க ஊசி போட்ட பூனைகளோடு நானும் பாதித் தூக்கத்தில் இருப்பேன்.

அங்கேதான் சேகர் அண்ணன் பழக்கமானார். கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டுபவர். வீட்டுக்குப் பின்னால் சண்டை நாய்கள் வளர்த்தார். காயத்தோடு கொண்டுவந்து, "வேலி கிழிச்சிடுச்சு டாக்டர்" என்பார். டாக்டரம்மா நம்பியதில்லை. திட்டிக்கொண்டே தைப்பார்.

அண்ணன் என்னிடம் வம்சம் பேசுவார். ஏழு தலைமுறை நாய்களின் பெயர் அவருக்கு மனப்பாடம். என் தாத்தாவின் அப்பா பெயரே எனக்குத் தெரியாது. "பலத்தைத் தீனி போட்டு ஏத்திடலாம் தங்கச்சி. ரோஷம் ரத்தத்துல வரணும். அதுவும் தாய் வழியிலதான் வரும். வலிச்சாலும் பின்வாங்கக் கூடாது, அதான் ஜாதி நாய்." அதே நாய் மனிதன் கையைக் கடித்தால் அதுவும் வம்சத்துக்குக் களங்கமாம். கேட்கக் கேட்கத் தாலாட்டு மாதிரி இருக்கும். ரத்தத்தைப் பற்றிய பேச்சு என்பதே மறந்துவிடும்.

ஒரு மழை மதியம் பிரின்ஸைக் கித்தான் துணியில் சுற்றித் தூக்கி வந்தார். அந்த வம்சத்திலேயே ஆகச் சிறந்தவன் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்த நாய். தோள் கிழிந்து தொங்கியது.

"தைக்க வேணாம் டாக்டர். ஊசி போட்டு முடிச்சிடுங்க. சண்டைக்கு நடுவுல தலையைத் திருப்பிட்டான்."

"தோத்துட்டானாண்ணே?" என்றேன்.

"தோத்திருந்தாகூடப் பரவால்லலா. எதிரி நாயைக் கீழ போட்டு அமுக்கிட்டான். அந்த நாய் அழுதுச்சு. உடனே விட்டுட்டுத் திரும்பி எங்கிட்ட நடந்து வந்துட்டான். அத்தனை பேர் முன்னால!"

டாக்டரம்மா கையுறையை மாட்டினார். "முதல்ல தைக்கிறேன். தலையைப் பிடிங்க," என்றார். மரத்துப்போக வைக்கும் ஊசி சரியாகப் பிடிக்கும் முன்பே முதல் தையல் விழுந்துவிட்டது. பிரின்ஸ் அசையவில்லை. முனகவுமில்லை. அண்ணனின் கட்டைவிரலை மெதுவாக நக்கிக்கொண்டிருந்தான்.

நான் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன்: "அண்ணே, அழுதா விட்டுடுற இந்தக் குணம் அப்பன் வழியா, ஆத்தா வழியா?"

அண்ணன் யோசித்தார். உதடு அசைந்தது. ஒவ்வொரு பெயராக எண்ணிப் பார்க்கிறார் என்று புரிந்தது. ஜன்னலில் மழை வழிந்தது.

"தெரியலையேம்மா," என்றார் கடைசியில். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் கேட்டேன்.

ஊசி போடச் சொல்லி அவர் மறுபடி கேட்கவில்லை. தைத்த நாயைத் தூக்கிக்கொண்டு போனார். அடுத்த மாதம் பிரின்ஸுக்குக் கருத்தடை செய்யக் கொண்டுவந்தார். பிறகு அவன் தங்கைகள், தாய், மிச்சமிருந்த நாய்கள் என்று ஒவ்வொன்றாக வந்தன. ஏன் என்று டாக்டரம்மா கேட்டதற்கு, "குட்டி இருந்தா பழையபடி சண்டைக்கு விடாம எனக்குக் கை சும்மா இருக்காது டாக்டர்," என்றார்.

பல வருஷம் கழித்துத் தனியாக வந்தார். பிரின்ஸ் கிழவனாகி, லோரி நிழலில் படுத்தபடியே செத்துப்போனானாம். "கடைசி வரைக்கும் ஒருத்தனையும் கடிக்கலம்மா," என்றார். அந்தக் குரலில் இருந்தது வெட்கமா, பெருமையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

இப்போது அண்ணனும் இல்லை, டாக்டரம்மாவும் இல்லை. கிள்ளானில் அந்தக் கொல்லை இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. அந்த ஏழு தலைமுறையில் எனக்கு இரண்டு பெயர்தான் ஞாபகம் வருகிறது. மற்றதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள யாருமில்லை. அந்த ரத்தம் ஓடுகிற நாய் ஒன்றுகூட இன்று உலகத்தில் இல்லை.