படிக்கட்டில் நின்ற கம்பளி அங்கி

எண்பதுகளின் கடைசி. லண்டனுக்கு வந்த முதல் குளிர்காலம். ஒரு பின்னேரம் லூயிஷாம் சந்தையிலிருந்து மனைவியோடு வீடு திரும்பினேன். படிக்கட்டில் பல்பு எரியவில்லை. மேலே அகன்ற தோள்களோடு ஒருவர் அசையாமல் நின்றார். என் கை தானாகவே அடையாள அட்டையை எடுத்து நீட்டியது. யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் நீட்டிய அதே அட்டை.

மனைவி ஏறிப்போய்த் தொட்டுப் பார்த்தாள். "என்னப்பா, ஆருக்குக் காட்டுறியள்? இது வெறும் உடுப்பு!"

துருக்கியில் ஆடு மேய்ப்பவர்கள் மழைக்கும் குளிருக்கும் போடுகிற அங்கி அது. ஆட்டு மயிரை நனைத்து அழுத்திச் செய்வதால், ஆளில்லாமலே விறைப்பாக நிற்கும். மேல்வீட்டுத் துருக்கிக்காரர் அதை வெளியே காயவிட்டிருந்தார். அவரும் கதவடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அவர் சிரிக்கவில்லை. இறங்கி வந்து என் பக்கத்தில் நின்று, தன்னுடைய பஸ் பாஸை எடுத்து அங்கிக்கு முன்னால் நீட்டினார். கொஞ்சம் பொறுத்து, அரைகுறை ஆங்கிலத்தில், "சரி, இரண்டு பேரும் போகலாமாம்" என்றார்.

மூவரும் சிரித்தோம்.

வீட்டுக்குள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. படம் வெளியே தெரிய, கண்ணைத் தாழ்த்தி, நான் நீட்டியது போலவே அவரும் நீட்டினார். சோதனைச் சாவடிகளில் பழகாத கைக்கு அது வராது.