ஒரு குறையும் இல்லை, அமைச்சர்

எங்கள் தொழிற்சாலையில் காலை ஆறு மணிக்கு, உடைமாற்றும் அறையில், ஒருவரையொருவர் கண்டால் "என்ன, எப்படி?" என்று கேட்பார்கள். அதற்கு இந்த ரூர் பகுதி ஜெர்மன்காரர் சொல்லும் பதில் ஒரே சொல்தான்: "முஸ்." இழுத்துக்கொண்டுதானே போகவேண்டும், வேறென்ன செய்கிறது என்று அர்த்தம். லொத்தரில் பரிசு விழுந்தவனும் அதைத்தான் சொல்வான். வந்த புதிதில் எனக்கு இது பெரிய விசித்திரம். காலங்காத்தாலே ஒரு மனுசன் சுகம் விசாரித்தால் இப்படியா முகத்தைத் தொங்கப்போடுவது? நான் மட்டும் "நல்ல சுகம், ஒரு குறையும் இல்லை" என்று பல்லைக் காட்டிக்கொண்டு இருபத்தாறு வருடம் ஓட்டிவிட்டேன். முழங்கால் வீங்கி நொண்டிக்கொண்டு வந்த நாளிலும் அதே பதில்தான். அந்த வாய்தான் இந்த வருடம் இருநூறு பேருடைய வேலைக்கு உலை வைக்கப் பார்த்தது.

ஊர்ப் பேரை விட்டுவிடுகிறேன். கெல்சென்கிர்ச்சனுக்குப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரைச் சொன்னால் எங்கள் தமிழ் ஆட்கள் வீட்டிலக்கம் வரைக்கும் கண்டுபிடித்துவிடுவார்கள். தொழிற்சாலையில் தண்ணீர்க் குழாய்களுக்கு வால்வு செய்கிறோம். வசந்தகாலத்தில், முதலாளிமார் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வேறு நாட்டுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று கதை கசிந்தது. மாநில அரசின் உதவியில் புதுக் கட்டடம் எழுப்பிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. ஆட்களை வேலையிலிருந்து நிற்பாட்டக்கூடாது என்பது அந்த உதவிக்கு வைத்த நிபந்தனை. எங்கள் தொழிலாளர் குழுவின் தலைவன் டெட்லெஃப், தொகுதியின் லாண்ட்டாக் உறுப்பினர் ஃப்ராவ் பெர்க்ஹோஃபைப் போய்ப் பிடித்தான். லாண்ட்டாக் என்றால் மாநிலப் பாராளுமன்றம், ஃப்ராவ் என்றால் திருமதி. அந்த அம்மா சைக்கிள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எனக்குப் பின்னால் பாண் கடை வரிசையில் நிற்கிறவர். கோடை விடுமுறை முடிந்து சபை கூடியதும் பொருளாதார அமைச்சரை நேரே கேட்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

இதற்கிடையில் எங்கள் கோயில் தேர்த்திருவிழா வந்தது. சிறப்பு விருந்தினர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே அமைச்சர். கோயில் சபைத் தலைவர் பரமண்ணை என்னைக் கூப்பிட்டு, "தம்பி, உனக்குத்தான் டொச் பாஷை நல்லா வரும். பொன்னாடையை நீயே போர்த்திவிடு" என்றார். போர்த்தினேன். மனுசன் நல்ல மாதிரி. குங்குமம் வைக்க நெற்றியைக் காட்டினார், வடை இரண்டு சாப்பிட்டார். பிறகு என்னைப் பார்த்து எங்கே வேலை என்று கேட்டார். சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்புக் கொஞ்சம் குறைந்தது. "அங்கே நிலைமை எப்படி?" என்றார்.

இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நான் சொன்னேன்: "ஒரு குறையும் இல்லை, அமைச்சர். எல்லாம் நல்லபடி போகிறது."

தெரிந்துகொண்டுதான் சொன்னேன். பொய் சொல்கிறேன் என்றே தோன்றவில்லை. வாசல் தேடி வந்த விருந்தாளி, தோளில் நாங்கள் போட்ட பொன்னாடை கசங்காமல் நிற்கிறார். அவரிடம் எங்கள் அழுகையை அழலாமா? பரமண்ணை பக்கத்தில் நின்று திருப்தியாகத் தலையாட்டினார்.

மரியாதை மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அதுவும் பாதிப் பொய். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், இலங்கையில் எங்கள் ஊரில் மீன் வைக்கிற ஐஸ் தொழிற்சாலை ஒன்று பூட்டிக் கிடந்தது. கொழும்பிலிருந்து ஓர் அமைச்சர் பள்ளிக்கூட விழாவுக்கு வந்தபோது, மாலை போடத் தெரிவு செய்த பிள்ளைகளில் நானும் ஒருவன். கூட்டம் முடிகிற நேரம் இரசாயனம் படிப்பித்த சபா மாஸ்டர் எழும்பினார். "சேர், ஐஸ் இல்லாமல் மீன் அழுகிப்போகுது. அந்தத் தொழிற்சாலையை எப்ப திறப்பியள்?" அவ்வளவுதான் கேட்டார். அமைச்சர் சிரித்துக்கொண்டு தலையாட்டினார். அடுத்த கிழமை மாஸ்டருக்கு இடமாற்றக் கடிதம் வந்தது. எந்தத் திசை என்றுகூட எங்களுக்குத் தெரியாத ஓர் ஊர். சோதனைக்கு மூன்று மாதம் இருக்க, இரசாயனத்துக்கு ஆளில்லாமல் இருந்தோம். அமைச்சரைக் கண்டால் என்ன சொல்லவேண்டும் என்பதை நான் அன்றைக்கே படித்துவிட்டேன்.

இலையுதிர்காலத்தில் கேள்வி நேரம் வந்தது. பஸ் பிடித்து இருபது பேர் லாண்ட்டாக்குக்குப் போனோம். பார்வையாளர் மாடத்தில் கைதட்டக்கூடாது, குரல் எழுப்பக்கூடாது, எழுந்து நிற்கக்கூடாது என்று காவலர் சொல்லி உட்காரவைத்தார். கீழே ஃப்ராவ் பெர்க்ஹோஃப் எழும்பினார். சைக்கிள் தொப்பி இல்லாமல் அவரை அன்றுதான் முதலில் பார்த்தேன். நிபந்தனையை மீறி இயந்திரங்களைக் கழற்றப் போகிறார்களாமே, அரசு என்ன செய்யப்போகிறது, எங்கள் ஊரில் இருநூறு குடும்பம் எங்கே போகும் என்று ஒன்றின்பின் ஒன்றாகக் கேட்டார். குரல் உயரவில்லை. ஆனால் விடவும் இல்லை.

அமைச்சர் தாளைப் புரட்டினார். நிறுவனத்தோடு பேசி வருகிறோம், பதற்றம் வேண்டாம் என்றார். பிறகு தாளை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்: "கோடையில் நானே அந்த ஊரில் இருந்தேன், ஓர் இந்துக் கோயில் விழாவில். அங்கே நீண்டகாலம் வேலை செய்கிற ஒரு தொழிலாளி என்னிடம் நேரே சொன்னார், எல்லாம் நல்லபடி போகிறது, எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று. மதிப்புக்குரிய உறுப்பினர் வரைகிற படம் வேறு, நான் கண்டது வேறு."

ஐயோ! பக்கத்தில் டெட்லெஃப் பல்லைக் கடித்துக்கொண்டு, "எந்த முட்டாள் அது?" என்றான். எங்கள் தொழிற்சாலையில் இந்துக் கோயிலுக்குப் போகிறவன் நான் ஒருவன்தான். அவனுக்கு அது இன்னும் உறைக்கவில்லை. கீழே லாண்ட்டாக்கின் தலைவர், உறுப்பினருக்கு இன்னும் ஒரு துணைக் கேள்வி இருக்கிறது என்றார். ஃப்ராவ் பெர்க்ஹோஃப் உடனே எழும்பவில்லை. குறிப்புகளைத் தேடிக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டு இருந்தால் இப்போதைக்கு ஒருவருக்கும் தெரியவராது. சபா மாஸ்டர் பெட்டி படுக்கையோடு பஸ் ஏறிய காட்சி கண்ணுக்குள் வந்து நின்றது. அந்த பஸ்ஸில் ஏறுகிற துணிச்சல் எனக்கில்லை. ஆனால் டெட்லெஃபின் கை மாடத்தின் கம்பியை விடாமல் பிடித்திருந்தது. முப்பது வருடம் இரும்பு தூக்கின கை.

"நான்தான்" என்றேன்.

திரும்பி என்னைப் பார்த்தான். அடிப்பான் என்றுதான் நினைத்தேன். "ஏன்?" என்று மட்டும் கேட்டான்.

"அவர் விருந்தாளி. கோயிலுக்கு வந்தவரிடம் குறை சொல்லமாட்டோம். எங்கள் வழக்கம். உண்மை அது இல்லை."

டெட்லெஃப் கைபேசியை எடுத்தான். அவ்வளவு தடித்த விரல்கள் அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. கீழே மேசையில் ஃப்ராவ் பெர்க்ஹோஃபின் கைபேசி ஒளிர்ந்தது. வாசித்தார். இன்னொரு தரம் வாசித்தார். பிறகு எழும்பினார்.

"அமைச்சர் அவர்களே, உங்களோடு பேசிய தொழிலாளி இப்போது மேலே மாடத்தில் இருக்கிறார். தன் கோயிலுக்கு வந்த விருந்தாளியிடம் குறை சொல்வது முறையல்ல என்பதால்தான் அப்படிச் சொன்னாராம். உண்மை அது இல்லையாம். இன்றைக்கு நீங்கள் அவருடைய விருந்தாளி இல்லை. தொழிற்சாலைக்குப் போய் அவரிடம் மறுபடி கேட்பீர்களா?"

சபை முழுவதும் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தது. அமைச்சரும் பார்த்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். பெரியவர் பார்த்தால் எழும்புகிற பாழாய்ப்போன பழக்கம், நான் எழுந்து நின்றுவிட்டேன். காவலர் ஓடிவந்து தோளில் கை வைத்து உட்காரச் சொன்னார். அமைச்சர் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார். "போவேன். கேட்பேன்" என்றார்.

அடுத்த நாள் பரமண்ணை தொலைபேசியில் வாங்கு வாங்கென்று வாங்கினார். "ஒரு பெரிய மனுசனைச் சபையில வைச்சு வெட்கப்படுத்திப் போட்டியேடா! இனி எங்கட கோயில் வாசலுக்கு ஆர் வருவினம்?"

"அண்ணை, என்ர வேலை போகப்போகுது" என்றேன்.

"அதைத் திருவிழா முடிஞ்ச பிறகு தனியக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்தானே?"

"உங்களுக்கும் அது தெரியும்தானே அண்ணை. நீங்களும் பக்கத்தில நிண்டு தலையாட்டினீங்கள்."

அவர் "ஓம், தெரியும்" என்றுவிட்டு வைத்துவிட்டார். இடமாற்றக் கடிதம் வருகிறதா என்று தபால்பெட்டியை நான் பல நாள் எட்டி எட்டிப் பார்த்தேன். வெட்கக்கேடுதான், ஆனால் பார்த்தேன்.

கடிதம் வரவில்லை. அமைச்சர்தான் வந்தார். தலையில் பாதுகாப்புத் தொப்பி, பக்கத்தில் எங்கள் முதலாளி, கொஞ்சம் தள்ளி ஃப்ராவ் பெர்க்ஹோஃப். கழற்றிப் பெட்டியில் அடைத்த இரண்டு இயந்திரங்களைத் தாண்டி நேரே என்னிடம் நடந்து வந்தார். தொழிற்சாலை தன் சத்தத்தை நிறுத்திக்கொண்டது. கை நீட்டினார். என் கையெல்லாம் எண்ணெய். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

"எப்படி இருக்கிறீர்கள்?" என்றார்.

பழைய பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. சத்தியமாக நின்றது.

"முஸ்" என்றேன்.

பின்னால் டெட்லெஃப் வாய்விட்டுச் சிரித்தான். அமைச்சர் சிரிக்கவில்லை. "சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். பெட்டியில் அடைத்த இயந்திரங்கள், புதுக் கட்டடத்துக்கு வாங்கிய உதவி, ஐம்பத்தைந்து வயதில் என்னை வேறெவரும் வேலைக்கு எடுக்கமாட்டார்கள் என்கிற பயம், ஒன்றையும் விடவில்லை. முதலாளி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொழிற்சாலை நிற்குமா போகுமா என்கிற முடிவு இதை எழுதுகிற இன்றுவரை வரவில்லை. அன்றைக்கு முழுவதையும் சொல்லி முடித்த பிறகுதான் கீழே குனிந்து பார்த்தேன். வாய் இவ்வளவு குறையையும் அடுக்கிக்கொண்டிருந்த நேரமெல்லாம், எண்ணெய் வடிந்த என் இரண்டு கைகளும் நெஞ்சுக்கு முன்னால் கூப்பியபடியே இருந்திருக்கின்றன.