இரண்டாம் வரிசையில் தூங்கியவன்

இது எனக்கு நடந்தது. இட்டுக்கட்டிச் சொல்வதாக இருந்தால், என்னை இவ்வளவு கேவலமானவனாகக் காட்டிக்கொண்டிருக்க மாட்டேன்.

அண்ணனும் நானும் வெளிநாட்டில் ஒரே மரச்சாமான் தொழிற்சாலையில் பதினொரு வருடம் வேலை பார்த்தோம். நான் மரம் அறுக்கும் இயந்திரத்தில், அவர் பாலிஷ் பிரிவில். எத்தனை முறை குளித்தாலும் அவர் மேல் தின்னர் வாசனை போகாது. ஒரே அறை, ஒரே அடுக்குக் கட்டில். கீழே அவர், மேலே நான். ஒரு நாள் காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே மாரடைப்பு என்றார் டாக்டர்.

பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரிக் குளிரறையில் இருந்தார். காகிதங்கள் எல்லாம் சரியான பிறகு பெட்டியில் வைத்துச் சீல் போட்டார்கள். அதே விமானத்தில் அடியில் சரக்கோடு பெட்டி. மேலே நான். ஊரில் அண்ணி காத்திருந்தாள்.

விமான நிலையத்தில் என் டிக்கெட்டைப் பார்த்த பெண் சொன்னாள்.

"பின்னாடி சீட்டெல்லாம் நிரம்பிருச்சு சார். முதல் வகுப்புல ஒண்ணு காலியா இருக்கு. நீங்க தனியாத்தானே போறீங்க?"

"ஆமா, தனியாத்தான்" என்றேன்.

வாய் கூசவில்லை. அதைவிடக் கேவலம், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இறந்தவரைக் கொண்டுபோகிறவன், கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனேன். இரண்டாம் வரிசை, ஜன்னல் ஓரம். பக்கத்து இருக்கை காலி.

காலை 9.41. கதவு மூடுவதற்கு முன் ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொன்னார்கள். உடனே பணியாளரைப் பார்க்கவும் என்றார்கள்.

நான் எழவில்லை. தவறுதலாகக் கொடுத்துவிட்டோம், பின்னால் போங்கள் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

இரண்டு பேர் வந்து பக்கத்தில் நின்றார்கள். தோளைத் தொட்டார்கள்.

"சார்... சார்..."

மூச்சைச் சீராக விட்டேன்.

"நல்லா தூங்குறாரு."

"நேரமில்ல. விடு, நாம போவோம்."

9.52. கதவு மூடியது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்படி ஜெயித்து வாங்கிய இருக்கை பாதிதான் சாய்ந்தது. அப்புறம் நடுவில் மாட்டிக்கொண்டது. படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. இப்படி ஒரு நாற்காலி எங்கள் பட்டறையில் செய்திருந்தால் மேஸ்திரி தோலை உரித்திருப்பார். எதிரே இருந்த டிவி கறுப்பாகவே இருந்தது. சூப் ஆறிப்போயிருந்தது. பணிப்பெண் மூன்று முறை மன்னிப்புக் கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்று அப்போது தோன்றவில்லை.

சாப்பாடு முடிந்ததும் ஜன்னல்களை மூடச் சொன்னார்கள். வெளியே உச்சி வெயில். உள்ளே கும்மிருட்டு.

குளிர ஆரம்பித்தது. மற்றவர்கள் சட்டையோடு தூங்கினார்கள். எனக்கு மட்டும் பல் கிட்டியது. பணிப்பெண் இரண்டு போர்வை கொண்டுவந்தாள். ஒன்றை என்னிடம் கொடுத்தாள். இன்னொன்றைப் பக்கத்து இருக்கையில் வைத்தாள்.

"எனக்கு ஒண்ணு போதும்மா."

"இது அவருக்கு" என்றாள்.

"யாருக்கு?"

"பாத்ரூம் போயிருக்காரு போல..." என்று சிரித்துவிட்டுப் போனாள்.

யாரோ இடம் மாறி வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் நினைக்க முயன்றேன்.

12.40. காலுக்கு அடியில் சத்தம்.

டொக் டொக்... டொக்.

விமானத்தில் ஆயிரம் சத்தம் இருக்கும். காலைத் தூக்கிக்கொண்டேன்.

12.43. மறுபடியும்.

டொக் டொக்... டொக்.

எனக்கு அந்தத் தட்டு தெரியும். நான் குறட்டை விட்டால், கீழ்க்கட்டிலிலிருந்து அண்ணன் என் பலகையில் தட்டுவார். இரண்டு, கொஞ்சம் இடைவெளி, ஒன்று. பதினொரு வருடமாக அதே தட்டு.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர் இறந்த அன்று விடியற்காலை 4.10க்கு அந்தத் தட்டு எனக்குக் கேட்டது. நான் விழித்துத்தான் இருந்தேன். குறட்டை விடவில்லை. இந்த மனுசனுக்கு வேற வேலையில்லை என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன். தட்டு ரொம்ப நேரம் கேட்டது. அப்புறம் நின்றுவிட்டது.

1.15. தரையில் மண்டியிட்டேன். கம்பளத்தில் காதை வைத்தேன். பனிக்கட்டி மாதிரி இருந்தது.

டொக்.

நேராக என் காதுக்கு அடியில்.

"என்ன சார், எதையாவது தொலைச்சிட்டீங்களா?" பணிப்பெண்.

"பேனா" என்றேன்.

எழுந்து உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கையைப் பார்த்தேன். மடித்து வைத்திருந்த போர்வை இப்போது விரிந்திருந்தது. அதற்குள் ஆள் படுத்திருக்கிற மாதிரி மேடு.

தின்னர் வாசனை வந்தது.

கூப்பிடும் பொத்தானை நோக்கிக் கை போனது. பாதியில் நின்றுவிட்டது.

போர்வை மெல்ல ஏறி இறங்கியது...

1.31.

"சின்னவனே..."

அவர் மட்டும்தான் என்னை அப்படிக் கூப்பிடுவார்.

"எழுந்திருடா..."

நான் என்ன செய்தேன் தெரியுமா?

கண்ணை மூடினேன்.

மூச்சைச் சீராக விட்டேன்.

தூங்குகிறவனைப் போல நடித்தேன்.

தோளில் ஒரு விரல் பட்டது. இரண்டு முறை. இடைவெளி. ஒரு முறை.

அப்புறம் ஒன்றுமில்லை. தரையிறங்கும்வரை, இன்னும் பத்து மணி நேரம், நான் கண்ணைத் திறக்கவில்லை.

சரக்கு அலுவலகத்தில் அண்ணியும் அவள் தம்பியும் நின்றிருந்தார்கள். அங்கிருந்த அதிகாரி பட்டியலைப் புரட்டினார். மறுபடி புரட்டினார்.

"பெட்டி இந்த ஃபிளைட்ல வரலையே. ஏத்தவே இல்லனு போட்டிருக்கு. நாளைக்கு வரும்."

என் காலுக்கு அடியில் பெட்டியே இல்லை.

அண்ணி என்னைப் பார்த்தாள். "நீங்க கூடத்தானே வந்தீங்க தம்பி? ஏத்துனாங்களான்னு பாக்கலையா?"



மறுநாள் மதியம் பெட்டி வந்தது. சீல் உடையவில்லை. மேலே ஒரு படிவம் ஒட்டியிருந்தது. அதிகாரி கிழித்து என்னிடம் கொடுத்தார். புறப்பட்ட ஊரில் விமானத்தில் சரக்கு ஏற்றுகிறவர்கள் எழுதியது. நான் அங்கேயே நின்று படித்தேன்.

நேரம் 9.30. பெட்டியை ஏற்றவில்லை. காரணம், உள்ளே தட்டும் சத்தம். ஏற்ற வந்த நால்வரும் கேட்டனர். உறவினர் முன்னிலையில் திறந்து பார்க்க அவருடைய கையெழுத்து தேவை. விமானத்துக்குள் ஆள் அனுப்பப்பட்டது. 9.50. உறவினர் எழவில்லை.

அதற்குக் கீழே வேறு மையில் இன்னொரு வரி.

பிற்பகல் 1.31. சத்தம் நின்றது.

அண்ணி பெட்டியின் மேல் கை வைத்து நின்றிருந்தாள். அழுது அழுது குரல் போயிருந்தது.

"என்ன தம்பி எழுதியிருக்கு? ஏன் ஏத்தலையாம்?"

காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

"எடை கூடிப்போச்சாம் அண்ணி" என்றேன்.