வேலம்மா வாட்டிய முட்டைக்கோஸ்

மானியம் என்றால் தமிழ்ப்பள்ளிக்குக் கூரை மாற்ற அரசாங்கம் கொடுக்கும் பணம் என்றுதான் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அதுவரை நினைத்திருந்தோம். ஐந்தாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு, வேலை தேடிப் பக்கத்து ஊரான தானா ராத்தாவுக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்த எனக்கும் அவ்வளவுதான் தெரியும். 1984-இல் அந்தச் சொல்லுக்கு வேறொரு பொருள் வந்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அதை அதிகம் உச்சரித்தவர் வேலம்மா. அவர் பள்ளிக்கூடம் போனதில்லை.

வேலம்மா கொழுந்து எடுப்பவர். கணவர் சின்னக்கருப்பன் இறந்த பிறகு, அந்த வீட்டில் தோட்டத்து வேலையில் பெயர் இருந்தது அவருக்கு மட்டும்தான். ஒரே மகள் சீதா தானா ராத்தாவில் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் விடிந்தால் பனி, மதியத்துக்கு மேல் மழை. நனைந்த செடிக்குள் கையை விட்டு விட்டு, வேலம்மாவின் விரல் முட்டிகள் வீங்கிப்போயின. ஈரத்தில் வேலை செய்யக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆனால் வேலைக்குப் போகாதவருக்குத் தோட்டத்தில் வீடு கிடையாது. பெயரை எடுத்துவிட்டால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். கையைப் பார்த்தால் வீடு போகும், வீட்டைப் பார்த்தால் கை போகும். அவருடைய நிலைமை அதுதான்.

அந்த நேரத்தில்தான் அரசாங்கத்து உணவு ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து மிஸ் ஜெயா வந்தார். கிள்ளான் பட்டணத்தில் பிறந்து, படித்துப் பட்டம் வாங்கியவர். எங்களுக்கு மேலே, காய்கறி விளையும் திரிங்காப்பில், விலை விழும்போதெல்லாம் தோட்டக்காரர்கள் கோபிஸ் என்று நாங்கள் சொல்லும் முட்டைக்கோஸை லோரி லோரியாகப் பள்ளத்தில் கொட்டுவதை அவர் பார்த்திருக்கிறார். அதைச் சீவிக் காயவைத்தால், பாக்கெட் மீ, அதாவது நூடுல்ஸ், செய்யும் கம்பெனிகள் வாங்கும் என்பது அவருடைய திட்டம். செலவில் ஒரு பங்கை அரசாங்கம் மானியமாகக் கொடுக்கும். மீதியைக் கீழே ஈப்போ நகரத்தில் இருந்த ஒரு மீ கம்பெனி போடும். ஒரு கம்பெனி துணை நின்றால்தான் மானியமே உண்டு. முதலில் சோதனை. சோதனைச் சரக்கு கம்பெனிக்குப் பிடித்தால்தான் நிரந்தரமான ஆலை கட்ட அடுத்த கட்டப் பணம் வரும். பூட்டிக்கிடந்த பழைய தேயிலை ஆலையைத் தோட்டத்து மேலாளரான துரை சோதனைக்கு விட்டுக்கொடுத்தார். உலர்த்தும் இயந்திரம் அங்கே அப்படியே இருந்தது.

ஆள் எடுக்கும் பொறுப்பு தோட்டத்துக் கணக்கரான கிராணி அமிர்தலிங்கத்துக்கு. வேலம்மா போய் அவர் மேசை முன்னால் நின்றார்.

"கை வீங்குனவள வச்சி நான் என்னா மிசினு ஓட்டுறது?" என்றார் கிராணி.

"ஒரு கூரைக்குக் கீழ நிக்கவிட்டாப் போதும் கிராணியாரே. கை தானா எறங்கிரும்."

"அப்ப கோயில்ல போயி நில்லு லா. அங்கயும் கூரை இருக்கு."

"கோயில்ல பேர் போட மாட்டாங்களே."

பக்கத்தில் நின்ற மிஸ் ஜெயா சிரித்துவிட்டார். வேலம்மாவுக்கு வேலை கிடைத்தது, தோட்டத்துப் பெயரும் நின்றது. கொஞ்ச நாளில் பெண்களுக்குப் பொறுப்பாளராகவும் ஆனார். சீவிய கோஸைக் கொதிநீரில் முக்கி எடுத்து, தட்டுகளில் பரப்பி உலர்த்துவதுதான் வேலை. ஈரம் இருந்தாலும் குளிர் இல்லை. மாதம் திரும்புவதற்குள் வீக்கம் வடிந்துவிட்டது. "அடுத்த மானியம் வந்துட்டா இங்கயே இருந்துக்கலாம்" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார்.

முதலில் செய்த சரக்கெல்லாம் நன்றாகவே வந்தது. வெளிர் பச்சையாகக் காய்ந்த இலைத் துண்டுகள், சுடுதண்ணீர் பட்டதும் விரிந்து பழைய நிறத்துக்கு வரும். கம்பெனி ஆள் மிஸ்டர் லாவ் தலையாட்டிவிட்டுப் போனார். கடைசியாக ஒரு பெரிய தொகுதி மட்டும் பாக்கி. அதை வைத்துத்தான் கம்பெனி முடிவு சொல்லும்.

அந்தக் கோஸ் வர வேண்டிய நாளில் மிஸ் ஜெயா ஈப்போவில் இருந்தார். வழியில் மண் சரிந்து, காலையில் வர வேண்டிய லோரி பொழுது சாய்கிற நேரத்தில் வந்தது. அதற்குள் அடுப்புக்காரர் கருப்பையா நெருப்பை அணைத்துவிட்டுப் போய்விட்டார். கூடை கூடையாக முட்டைக்கோஸ் ஆலைக்குள் இறங்கியது.

"அப்படியே போட்டுட்டுப் போவோமாக்கா?" என்று செல்லம்மா கேட்டார். அவரும் கொழுந்து எடுத்தவர்தான்.

"போட்டுட்டுப் போவவா? விடிய விடிய கூடையில கெடந்தா சூடேறி வெந்துறாது? கொழுந்த அப்படி விடுவியா நீ?"

விடமாட்டார்கள். கொழுந்தை மூட்டையில் அடைத்து வைத்தால் புழுங்கிக் கெட்டுவிடும். அதனால் மாலையில் வரும் கொழுந்தை அன்றைக்கே நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியில் காற்றாடி ஓடவிட்டு, இரவெல்லாம் வாட்டுவார்கள். வாடிய பிறகுதான் மற்ற வேலை. தேயிலை ஆலையில் இதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை, கேட்பதுமில்லை. எல்லாரும் சேர்ந்து கோஸைச் சீவி, வாட்டும் தொட்டியில் அழகாகப் பரப்பினார்கள். காற்றாடியைப் போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள்.

காலையில் வந்து பார்த்தபோது சீவல் துவண்டு கிடந்தது. ஓரமெல்லாம் பழுப்பு. புளித்த வாடை. பதறிப்போய் முக்கி எடுத்துக் காயவைத்தார்கள். காய்ந்து வந்தது இன்னும் கறுப்பாக இருந்தது.

கிராணி ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தார். "பேஷ். தேத்தண்ணி போட்டுக் குடிக்கலாம். பால் ஊத்தவா?"

யாரும் சிரிக்கவில்லை. கிராணியும் உடனே சிரிப்பை விட்டுவிட்டார். திட்டம் நின்றால் ஆலைப் பொறுப்பு போய், அவரும் பழைய கணக்கு மேசைக்கே திரும்ப வேண்டியதுதான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கோபிஸே கெட்டு வந்துச்சின்னு சொல்லிருவோம். லோரி லேட்டு, மண்ணு சரிஞ்சிருச்சி. யாரு கேக்கப்போறா?" என்றார்.

"ரெங்கசாமி அண்ணன் கேப்பாரு" என்றார் வேலம்மா.

ரெங்கசாமி திரிங்காப்பில் கோஸ் போடும் சிறு தோட்டக்காரர். திட்டத்துக்குச் சரக்குக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான். போன வருஷம் பள்ளத்தில் கொட்டியவர்களில் அவரும் ஒருவர். கோஸே கெட்டு வந்தது என்றால் பழி அவர் தலையில்தான் விழும்.

"அவருக்குக் கோபிஸ் வாங்க வேற ஆளு கெடைப்பான். உனக்கு வேற கூரை கெடைக்குமா?" என்றார் கிராணி.

அன்று வீட்டில் சீதாவும் அதையே சொன்னாளாம். "சும்மா இருங்க மா. நீங்க பொய் சொல்ல வேணாம். கிராணி சொல்லுவாரு, நீங்க பக்கத்துல நில்லுங்க, அவ்வளவுதான்." வேலம்மாவுக்குப் பயமாக இருந்தது. பயமே இல்லை என்று எழுதினால் அது பொய்.

மிஸ் ஜெயாவும் மிஸ்டர் லாவும் வந்தார்கள். லாவ் ஒரு கிண்ணத்தில் சரக்கைப் போட்டுச் சுடுதண்ணீர் ஊற்றினார். தண்ணீர் பழுப்பாயிற்று. இது கோபிஸா, தேயிலையா என்று மலாயில் கேட்டார்.

"திரிங்காப் சரக்கு இந்தத் தடவை..." என்று கிராணி ஆரம்பித்தார்.

"சரக்கு நல்லாத்தான் வந்துச்சி மிஸ்" என்றார் வேலம்மா. "நான்தான் ராத்திரி வாட்டச் சொன்னேன்."

"வாட்டினீங்களா?" மிஸ் ஜெயாவுக்குப் புரியவில்லை. "எதுக்கு வாட்டினீங்க?"

"வாட்டாம எப்படி மிஸ் காயப்போடுறது?"

மிஸ் ஜெயா தொட்டிகளைப் பார்த்தார். பிறகு அங்கேயே ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "அக்கா, வெட்டுப்பட்ட எலையில காத்துப்பட்டா செவக்கும். தேயிலைக்கு அது ருசி. கோபிஸுக்கு அது கேடு. வெட்டாம முழுசா விட்டிருந்தா ஒண்ணுமே ஆயிருக்காது. முழுக் கோபிஸ் ஒரு வாரம் கெடக்குமே!"

வேலம்மா தலையில் அடித்துக்கொண்டார். "என் வீட்டு அடுப்பாங்கரையில வாரக்கணக்கா கெடக்குது மிஸ். இங்க வந்தோன்ன அது கொழுந்தாத் தெரிஞ்சிருச்சே!"

செல்லம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். மிஸ் ஜெயா மலாயில் விளக்கிச் சொன்னதும் லாவும் சிரித்தார். ஆனால் சிரித்து முடித்ததும் அவர் கட்டடத்தை மேலும் கீழும் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. நான் அன்று ஆலையில் கூடைகளை அடுக்க உதவிக்குப் போயிருந்தேன்.

கம்பெனி திட்டத்தைக் கைவிடவில்லை. எங்கே தவறு என்று தெரிந்துவிட்டதால் திருத்திக்கொள்ளலாம் என்றார்கள். ரெங்கசாமியின் கோஸும் தொடர்ந்தது. ஆனால் ஆலை இங்கே வேண்டாம் என்று லாவ் சொல்லிவிட்டார். கோஸ் விளைகிற இடத்திலேயே வெட்டி அன்றைக்கே உலர்த்த வேண்டும். தேயிலைக் கட்டடத்தில் தேயிலைப் பழக்கம்தான் வரும். மிஸ் ஜெயாவுக்கும் அது சரி என்றே பட்டது. அடுத்த ஆண்டு மானியத்தின் இரண்டாம் கட்டம் வந்தது. திரிங்காப்புக்குப் போனது.

"உண்மையச் சொல்லி, வேலையவே மேல ஏத்தி அனுப்பிட்டியே வேலம்மா" என்றார் கிராணி. அதில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது.

திரிங்காப்புக்கு வரச்சொல்லி மிஸ் ஜெயா வேலம்மாவைக் கூப்பிட்டார். பொறுப்பாளர் வேலை இல்லை. அதற்குப் படித்த பையன் ஒருவனைக் கம்பெனி அனுப்பியது. தட்டு பரப்பும் வேலைதான். வேலம்மா துரையைப் பார்த்து, வேலை அங்கே செய்துகொண்டு வீட்டில் இங்கே இருக்கலாமா என்று கேட்டார். முடியாது என்றார் துரை. அது அவர் போட்ட சட்டமும் அல்ல. வேலம்மா மறுபடி கொழுந்து எடுக்கப் போனார். ஒரு மழை வாரம் தாங்கினார். பிறகு ஒரு காலையில் வாளியின் கைப்பிடியைப் பிடிக்க முடியவில்லை. அன்றே தோட்டத்திலிருந்து தன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டார்.

திரிங்காப்பில் தட்டு பரப்பும் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே, காய்கறி வியாபாரி கந்தசாமியின் கடைக்குப் பின்னால் ஒற்றை அறை வாடகைக்குக் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பார்க்கப் போனேன். சீதா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு பஸ் தூரம் அதிகம், தோழிகள் யாரும் இல்லை.

"நீங்க சும்மா இருந்திருந்தா அங்கயே இருந்திருக்கலாம்" என்றாள் அம்மாவிடம், நான் இருக்கிறேன் என்றுகூடப் பார்க்காமல்.

"இருந்திருக்கலாம்" என்றார் வேலம்மா. மறுக்கவில்லை. பிறகு என்னிடம் திரும்பினார். "அங்க கை போனா வீடு போவும் தம்பி. இங்க வாடகை குடுக்குற வரைக்கும் என் கையப் பத்தி ஒருத்தனும் கேக்க மாட்டான் லா."

"குடுக்குற வரைக்கும்" என்றாள் சீதா.

"ஆமா. அதத்தான் நானும் சொல்றேன்."

கொஞ்ச நேரம் கழித்து வேலம்மா என்னைக் கேட்டார், இந்த மானியம் எத்தனை வருஷத்துக்கு என்று. எனக்குத் தெரியவில்லை. படித்தவன் என்று கேட்டிருக்கிறார், எதையாவது சொல்லிவைக்கலாம் என்றுகூடத் தோன்றியது. தெரியாது என்றுதான் சொன்னேன்.

"மிஸ்ஸுக்கும் தெரியலயாம்" என்றார். விரல்களை ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, சீதாவிடம் சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்து வைக்கச் சொன்னார்.