முருகையன் முத்திரையிட்ட ஸ்டியரிங் கை

முருகையன் பிறந்தது 1978ஆம் ஆண்டு, மரக்காணத்தில். தந்தை கலியமூர்த்தி, உப்பளக் கூலி. தாய் ஆராயி. 2002இல் அம்சவல்லியை மணந்தார். பெண்கள் இருவர், இளையவள் பூஜா. 2004இல் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் வெல்டிங் பட்டறை திறந்தார். உப்பு ஏற்றும் டிராக்டர்களின் டிரெய்லர், ஆக்சில், கொக்கி ஆகியவற்றைச் சரிசெய்வதே பெரும்பாலான வேலை. தங்கை சங்கீதா 2009இல் வானூர் மோகனுக்கு வாழ்க்கைப்பட்டாள். மோகன் முருகையனைவிட ஆறு வயது இளையவர், அவரும் வெல்டர்தான். 2012இல் மோகன் அதே சாலையில், அரை கிலோமீட்டர் தெற்கே, தம் பட்டறையைத் திறந்தார்.

இவ்வளவும் தேதியோடு சொல்லக்கூடியவை. முருகையனுக்குப் பொறாமை பிடித்தது எந்தத் தேதியில் என்று சொல்வதற்கில்லை. மோகன் பட்டறைக்குச் சிமெண்ட் தரை போட்ட அன்றாக இருக்கலாம். ஆரோவில்லிலிருந்து ஒரு வெள்ளைக்காரர், முருகையனின் பட்டறை வாசலிலேயே வண்டியை நிறுத்தி, "மோகன் ஒர்க்‌ஷாப் எங்கே?" என்று தமிழிலேயே கேட்ட அன்றாகவும் இருக்கலாம். டீக்கடை பக்கத்திலேயே இருக்க, முருகையன் அரை கிலோமீட்டர் நடந்து தெற்கே போய் டீ குடிக்கத் தொடங்கியது மட்டும் ஊருக்கே தெரியும். அங்கிருந்து பார்த்தால் மோகனின் பட்டறையில் எத்தனை வண்டி நிற்கிறது என்று எண்ணலாம்.

தங்கையின் கணவர் என்பதால், தம்மைவிட இளையவரை "வாங்க மாப்ள, போங்க மாப்ள" என்று சொல்ல வேண்டியிருந்தது. விசேஷ வீட்டில் முதல் இலை மாப்பிள்ளைக்கு. அந்த மரியாதையை முருகையன் ஒருநாளும் குறைத்ததில்லை. ஒவ்வொரு முறையும் அது தொண்டையில் மீன்முள்ளாய் நின்று, பிறகுதான் இறங்கியது.

2019 ஜனவரியில் புதுச்சேரிக்காரர் புருஷோத்தமன் தம் ஜீப்பை மோகனிடம் கொண்டுவந்தார். சேற்றிலும் மணலிலும் வண்டி ஓட்டுவதையே பொழுதுபோக்காகக் கொண்ட ஒரு குழுவுக்கு அவர் தலைவர். ஜீப்புக்கு முப்பத்தேழு அங்குல டயர் மாட்டியிருந்தார். அந்தக் கனத்தைப் பழைய முன் ஆக்சில் தாங்கவில்லை. டயர் கல்லில் மோதும்போதெல்லாம் ஸ்டியரிங் ராடு வளைந்தது. கழித்துக்கட்டிய சிறு லாரியின் ஆக்சிலை வெட்டிச் சேர்ப்பது என்றும், ராடை ஸ்பிரிங்குக்கு மேலே உயர்த்துவது என்றும் முடிவாயிற்று. ராடை உயர்த்த, சக்கரத்தைத் திருப்பும் இரண்டு கைகளைப் புதிதாகச் செய்ய வேண்டும்.

மோகன் நேராக மைத்துனரின் பட்டறைக்கு வந்தார்.

"ஆக்சில நான் பாத்துக்கறேன் மச்சான். ஸ்டியரிங் கை நீங்கதான் செய்யணும். உங்க வெல்டிங் எனக்கு வராது."

"பெரிய வண்டியெல்லாம் உங்களுக்கு வருது. வெல்டிங் மட்டும் வராதா மாப்ள?"

"வராதுன்னுதானே சொல்றேன்."

இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள முருகையனால் முடியவில்லை. இலையில் மீந்ததைத் தள்ளிவிடுவதாகவே பட்டது. ஆனாலும் ஒப்புக்கொண்டார். புருஷோத்தமனின் குழுவில் இன்னும் பதினொரு ஜீப்புகள் இருந்தன. இந்த ஜீப்பின் ஸ்டியரிங் யார் பெயரைச் சொல்லுமோ, அவர் வாசலில்தான் அந்தப் பதினொன்றும் நிற்கும்.

வெள்ளிக்கிழமை ஆக்சில் முடியும் என்று மோகன் சொல்லியிருந்தார். வியாழக்கிழமையே கைகளை மோகனின் மேசைமேல் வைத்துவிட வேண்டும் என்று முருகையன் தீர்மானித்தார். உடைந்த லாரி ஆக்சிலின் எஃகை வெட்டி, இழைத்து, தட்டுடன் சேர்த்து வெல்டிங் வைத்தார். வரிவரியாக, மீன்செதில் அடுக்கியதுபோல் வெல்டிங் விழுந்தது. அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு உப்பளப் பழக்கம் குறுக்கே வந்தது. உப்பு வாரும் காலத்தில் டிராக்டர் ஒரு மணி நேரம்கூடப் பட்டறையில் நிற்க முடியாது. அதனால் சூடு தணியும் முன்பே வெல்டிங்கின்மேல் ஒரு வாளி தண்ணீரை ஊற்றி அனுப்பிவிடுவது இங்குள்ள எல்லாருக்கும் கைவந்த பழக்கம். டிரெய்லரின் சாதா இரும்பு அதைத் தாங்கும். லாரி ஆக்சிலின் எஃகு தாங்காது, உள்ளே விரிசல் விடும். சாம்பலில் புதைத்து, ஒரு நாள் முழுக்க ஆறவிட வேண்டும். இது முருகையனுக்கு நன்றாகவே தெரியும். இடது ஸ்டியரிங் கையைச் சாம்பலில் புதைத்திருந்தார். வலது கையைப் புதைக்கப் பொறுமை இல்லை. மணி நான்கு ஆகியிருந்தது. வாளியை எடுத்து ஊற்றினார்.

இரண்டிலும் அடிப்பக்கத்தில் "மு" என்று முத்திரை அடித்தார். பழைய அரத்தைத் தேய்த்து அவரே செய்துகொண்ட உளி அது. இடது கையைச் சாம்பலிலிருந்து வெளியே எடுத்தபோது அது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

அன்று மாலையே தம் மேசைமேல் வந்த இரண்டையும் மோகன் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தார். இடது மணிபோல் ஒலித்தது. வலது ஒலிக்கவில்லை.

"மச்சான், இது சூட்டுல தண்ணி பட்டுதா?"

"படல."

"சத்தம் வேற மாதிரி இருக்குது."

"உங்க காதுல உப்பு அடைச்சிருக்கும் மாப்ள. போயி எண்ணெ விடுங்க."

பக்கத்தில் நின்ற புருஷோத்தமன் சிரித்தார். வாடிக்கையாளர் முன்னால் மனைவியின் அண்ணன் வேலையைக் குறைசொல்வது எந்த மாப்பிள்ளைக்கும் அழகில்லை. மோகனும் சிரித்துவிட்டு, இரண்டு கைகளையும் உள்ளே கொண்டுபோனார்.

சனிக்கிழமை காலை சோதனை ஓட்டம். ஸ்டியரிங் வேலை செய்தவர்தான் முதலில் ஓட்ட வேண்டும் என்பது இந்தச் சாலைப் பட்டறைகளின் வழக்கம். உப்பளத்துக்கு மேற்கே, பாத்தி கட்டாத களர் நிலத்தில் முருகையன் வண்டியை இறக்கினார். ஒவ்வொரு வரப்பிலும் சக்கரம் முட்டும்போது அவருடைய காது வலது பக்கத்திலேயே இருந்தது. உடைந்துவிடும் என்று எதிர்பார்த்தார். 'தண்ணீர் ஊற்றினேன், நிறுத்துங்கள்' என்று சொல்ல இரண்டு முறை வாய் எடுத்தார். வரப்போரம் மோகன் கைகட்டி நிற்பது தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டார். நாற்பது நிமிடம் ஓட்டினார். ஒன்றும் ஆகவில்லை.

"வெண்ணெய் மாதிரி திரும்புதுங்க," என்றார் புருஷோத்தமன், அடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டு. "மிச்ச வண்டிக்கும் ஸ்டியரிங் நீங்களே பண்ணிடுங்க."

முருகையன் மோகனின் முகத்தைப் பார்த்தார். அதில் தமக்குள் இத்தனை ஆண்டு கிடந்ததில் ஒரு துளியாவது தெரியும் என்று தேடினார். தெரியவில்லை. அன்று இரவு அவர் வயிறாரச் சாப்பிட்டார். தாம் தவறாகச் செய்தாலும் அது மோகன் சரியாகச் செய்வதைவிட உறுதியாக நிற்கிறது என்று அம்சவல்லியிடம் சொன்னார். அவளுக்குப் புரியவில்லை.

மூன்று வாரம் கழித்து அந்த ஜீப் கிரீஸ் வைக்க முருகையனிடம் வந்தது. அடியில் படுத்தவர் இடது ஸ்டியரிங் கையில் "மு" இருப்பதைக் கண்டார். வலது கையில் இல்லை. துணியால் துடைத்தார். விரலால் தடவினார். எந்த எழுத்தும் இல்லை. வெல்டிங் வரி அவருடையதுபோல் அழகில்லை. ஆனால் ஓர் இடத்திலும் பிசகவில்லை.

மோகன் வானூருக்குப் போயிருந்த நேரத்தில் அவர் தெற்கே நடந்தார். பட்டறைப் பின்பக்கம் தார்ப்பாய்மேல் கனத்துக்கு வைக்கப்பட்டிருந்தது அவர் செய்த வலது கை. எடுத்துத் திருப்பினார். "மு" இருந்தது.

"அண்ணா, அத எடுக்காதீங்க, காத்துல தார்ப்பாய் பறந்துடும்," என்றாள் சங்கீதா.

"இது எப்பலேந்து இங்க இருக்குது?"

"நீங்க ஜீப்ப ஓட்டிப் பாத்தீங்களே, அந்த வாரம் வியாழக்கெழம கடைய சாத்திட்டு ராத்திரி பூரா ஏதோ செஞ்சாரு. என்னா வேலன்னு கேட்டதுக்கு, மச்சான் வேலன்னாரு. அப்பலேந்துதான்."

முருகையன் அதன் இடத்தில் ஒரு செங்கல்லை வைத்துவிட்டு, அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். தம் பட்டறைக் கல்லில் வைத்து ஓங்கி அடித்தார். ஒரே அடியில் இரண்டாகப் போயிற்று.

நன்றி வந்திருக்க வேண்டும். சோதனை ஓட்டத்தில் உயிர் போகாமல் காத்தவர் மோகன். பெயரையும் விட்டுக்கொடுத்து, தம் முத்திரைகூட வைக்காமல் இருந்தவர். அந்த முத்திரை இல்லாத வெற்றிடம்தான் முருகையனைச் சுட்டது. கைத்திறனில் தோற்றால் பொறுத்துக்கொள்ளலாம். குணத்திலும் இளையவனிடம் தோற்பதா என்று நினைத்தார். உளியை எடுத்தார். ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்து, மோகன் செய்த கையில் "மு" என்று அடித்தார்.

அதே ஆண்டு வைகாசியில் பூஜாவின் மஞ்சள் நீராட்டு. அதற்கு முந்தைய வாரம் ஆயில் சீல் மாற்ற அந்த ஜீப் மோகனிடம் போயிருந்தது முருகையனுக்குத் தெரியும். பந்தியில் முதல் இலையைக் காட்டி, "உக்காருங்க மாப்ள," என்றார்.

மோகன் உட்கார்ந்தார். தண்ணீர் ஊற்றக் குனிந்த மைத்துனரின் காதருகே, வேறு யாருக்கும் கேட்காமல் சொன்னார்:

"எழுத்து கொஞ்சம் சாஞ்சி விழுந்திருக்குது மச்சான். அவசரமா அடிச்சீங்களா?"

"அடியில படுத்துக்கிட்டு அடிச்சேன்," என்றார் முருகையன்.

"அதான பாத்தேன்," என்று மோகன் இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டார். அவ்வளவுதான். அதை அவ்வளவு மெதுவாகச் சொல்லத் தெரிந்ததற்காகவும் முருகையன் அவர்மேல் பொறாமைப்பட்டார்.

பதினொரு ஜீப்புகளுக்கும் முருகையனே ஸ்டியரிங் செய்தார். ஒவ்வொரு கையையும் ஒரு முழு நாள் சாம்பலில் ஆறவிட்டார். டீக்கு இன்றும் தெற்கேதான் நடக்கிறார். புருஷோத்தமனின் ஜீப்பில் வலது கை மாற்றப்படவில்லை. அது அதில் ஏறி இன்றோடு ஆறு ஆண்டுகள், நான்கு மாதங்கள் ஆகின்றன.