ஐந்தாம் சிடி கொய்யா மரத்தில்

பிரிண்டரை இயக்கும் மென்பொருள் பேக்கேஜை இன்ஸ்டால் செய்யக் கம்ப்யூட்டரிடம் சொன்னதும் திரையில் ஒரு வரி வந்தது: ஐந்தாம் சிடியைப் போட்டு என்டர் தட்டவும். அலமாரியைத் திறந்தேன். ஒரு சிடிகூட இல்லை.

சிறுமலையில் கன்னியர் நடத்திய விடுதிப் பள்ளி அது. இரண்டாயிரம் பிறந்த பிறகும் அங்கே போன் லைன் கிடையாது, இன்டர்நெட் பேச்சே இல்லை. அதனால் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் பேக்கேஜ்கள் அடங்கிய சிடிக் கட்டைத் திண்டுக்கல்லிலிருந்து சுமந்து போய், முந்தைய வாரம்தான் கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஏற்றியிருந்தேன்.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டு, லாரி கிளீனர், பரோட்டாக் கடை, கம்ப்யூட்டர் சர்வீஸ் என்று சுற்றியவன் நான். அப்போது கொடைரோடு ஸ்டேஷன் பெஞ்சில் படுக்கை. பரீட்சைத் தாள் அன்றே அச்சாகிவிட்டால் பள்ளியிலேயே அறையும் சோறும் தருவதாகத் தலைமை சிஸ்டர் சொல்லியிருந்தார். அச்சாகாவிட்டால் மாலை பஸ்.

சிடி எங்கே என்று அவரிடம் கேட்டேன்.

“அதுல இருந்ததெல்லாம் மிசினுக்குள்ள ஏத்திட்டியே தம்பி. காலி சிடி எதுக்குன்னு சவரிமுத்துகிட்ட குடுத்துட்டேன்.”

தோட்டக்காரர் சவரிமுத்து அவற்றை நூலில் கோத்து, கிளி விரட்டக் கொய்யா மரங்களில் கட்டியிருந்தார். என் ஆர்கைவ், அதாவது பேக்கேஜ் களஞ்சியம் முழுவதும் வெயிலில் பளபளவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

அவிழ்க்க அவர் சம்மதிக்கவில்லை. பழம் முற்றும் நேரம், கிளி விட்டுவைக்காது என்றார். கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். ஒரு சிடி இறங்கினால் அந்த இடத்தில் விடுதியின் எவர்சில்வர் தட்டு ஒன்று ஏற வேண்டும்.

சிடியில் எழுதிய நம்பர்கள் மழையில் அழிந்திருந்தன. ஒவ்வொன்றாக இறக்கி, கிளி எச்சத்தைக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்துப் போட்டுப் பார்த்தேன். ஒருவழியாக ஐந்தாம் சிடி அகப்பட்டது. உடனே மிசின் இரண்டாம் சிடியைக் கேட்டது. ஒரு பேக்கேஜ் ஓட இன்னொன்று வேண்டும். அது வேறு சிடியில் இருக்கும். இதைத்தான் டிபென்டன்சி என்பார்கள். இரண்டைப் போட்டால் ஒன்பதைக் கேட்டது.

சவரிமுத்து ஏணியில் நின்றபடியே சொன்னார்: “பந்தியில உக்காந்தவன்கூட இம்புட்டு வெஞ்சனம் கேக்க மாட்டான் அப்பு. வேணுங்கறத ஒரே தடவையில கேக்கச் சொல்லு.”

மதியம் தட்டுகள் பல மரத்தில் இருந்ததால், தட்டு கிடைக்காத பிள்ளைகள் வாழை இலையில் சாப்பிட்டார்கள். யாருக்குக் கல்யாணம் என்று ஒருத்தி விசாரித்தாள்.

அதன் பிறகு பிரிண்டரைச் சோதிக்கும் டெஸ்ட் பேஜ் வந்தது. சிஸ்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எந்த வகுப்புக் கேள்வி என்று கேட்டார். பரீட்சைத் தாளும் அச்சானது. அறை கிடைத்தது.

இனி மரம் ஏற வேண்டாம் என்று எல்லா சிடிகளையும் ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்தேன். ஃபைல்களை ஃபோல்டரில் போட்டால் மட்டும் போதாது; மிசின் கண்ணுக்கு அவை தெரியாது. எந்தப் பேக்கேஜ் எங்கே என்று காட்டும் இன்டெக்ஸ் உருவாக்கி, மிசின் தேடும் இடங்களைச் சொல்லும் சோர்ஸ் பட்டியலில் சிடிக்குப் பதிலாக அந்த ஃபோல்டரின் பாதையை எழுதிய பிறகுதான் வேலை நடந்தது. எந்தப் பேக்கேஜும் ஒரே வரியில் ஏறியது. சிஸ்டருக்கும் கற்றுக்கொடுத்தேன். அவர் என்னைவிட வேகமாகத் தட்டினார்.

சில மாதங்கள் கழித்துக் கூப்பிட்டார்.

“எல்லாம் உள்ளயே இருக்கு. இனி நீ எதுக்கு தம்பி?”

கோபமில்லை, நியாயமாகத்தான் கேட்டார். பஸ்ஸுக்குக் கொய்யாப்பழம் ஒரு பை நிறையக் கட்டிக்கொடுத்தார். இரவு மறுபடியும் அதே பெஞ்ச்.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்வது இதுதான். நெட் இல்லாத மிசினில் ஆர்கைவை முழுமையாக ஏற்றுங்கள், இன்டெக்ஸை மறக்காதீர்கள். ஆனால் அடுத்த வேளைச் சோறு எங்கே என்று பார்த்துக்கொண்டு ஏற்றுங்கள்.